மல்லிகைத் தாய்ச்செடி ஏன் வெளுக்கிறது? இலையைப் பார்த்துச் சத்துக்குறையை அறியும் முறை

குச்சி வெட்டிப் புதுக் கன்றுகள் எடுப்பதற்கென்றே வைத்துக் காக்கும் செடிக்குத் தாய்ச்செடி என்று பெயர். பூப் பறிப்பதற்காக வளர்க்கும் மல்லிகையில் பத்து இலை மஞ்சளானால் அந்த வாரம் பூ குறையும், அவ்வளவுதான். தாய்ச்செடியில் அதே மஞ்சளால் வரும் நட்டம் அதிகம். வெட்டி நட்ட குச்சிக்கு வேர் கிடையாது. வேர் விடும் வரையிலான நாலைந்து வாரமும் தாயிடமிருந்து எடுத்து வந்த சத்தை வைத்துத்தான் அது பிழைத்தாக வேண்டும். தாய் வெளுத்திருந்தால் குச்சியும் வெளுத்தே வரும். சில அழுகும், சில வேர் பிடிக்கத் தாமதிக்கும், பிடித்தவையும் நோஞ்சானாகவே நிற்கும்.

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மணற்பாங்கான நிலத்தில் குண்டுமல்லிக் கன்று உற்பத்தி செய்வதே பல குடும்பங்களின் தொழில். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மதுரை வட்டாரத் தோட்டங்களுக்கும் தங்கச்சிமடத்துக் கன்றுகள்தான் போகின்றன. நான் இங்கே எழுதுவது அவ்வளவு பெரிய நாற்றங்காலைப் பற்றி அல்ல. மொட்டை மாடியிலோ வீட்டு முற்றத்திலோ ஒன்றிரண்டு தொட்டிகளில் நல்ல மல்லிகையைத் தாயாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆண்டுதோறும் கன்று எடுக்க நினைக்கும் புதியவருக்காக எழுதுகிறேன். தொட்டிச்செடிக்குத்தான் சத்துக்குறை சீக்கிரம் வருகிறது. நிலத்தில் நிற்கும் செடியின் வேர் தேடிப் போகும். தொட்டிக்குள் இருக்கும் வேருக்குப் போக இடமில்லை.

இலை மஞ்சளானதும் பெரும்பாலோர் செய்வது என்ன? கடைக்குப் போய் ஏதாவது ஓர் உரம் வாங்கி வந்து போடுகிறார்கள். அது சரிப்படவில்லை என்றால் இன்னொன்று. மஞ்சள் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தாலும் மஞ்சள், இரும்பு குறைந்தாலும் மஞ்சள், தண்ணீர் கூடினாலும் மஞ்சள். ஆகையால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வெளுத்திருப்பது அடியில் உள்ள முதிர்ந்த இலையா, நுனியில் உள்ள கொழுந்தா?

இடம் ஏன் முக்கியம்?

செடிக்கு இன்றியமையாதவை என்று இன்று ஏற்கப்பட்டிருக்கும் தனிமங்கள் 17. கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. மீதி 14 வேர் வழியாகத்தான் வர வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), மக்னீசியம், கந்தகம் ஆறும் கூடுதலாகத் தேவைப்படுபவை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் எட்டும் மிகக் குறைந்த அளவில் தேவைப்படும் நுண்ணூட்டங்கள். அளவு குறைவு என்பதால் அவசியமும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. 1939இல் ஆர்னன், ஸ்டௌட் என்ற இரு அறிஞர்கள் ஒரு தனிமத்தை எப்போது இன்றியமையாதது என்று சொல்லலாம் என வரையறுத்தார்கள். அது இல்லாமல் செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியாது, வேறொன்று அதன் இடத்தை நிரப்ப முடியாது என்பவை அந்த வரையறையின் முக்கியக் கூறுகள். இரும்பு இல்லாத செடிக்கு எவ்வளவு மண்புழு உரம் கொட்டினாலும் இரும்பின் வேலையைத் தழைச்சத்து செய்து தராது.

இந்தச் சத்துகள் செடிக்குள் நகரும் விதம் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேர் உறிஞ்சிய நீரோடு, நீரை மேலேற்றும் குழாயான சைலம் வழியாக மேலே ஏறுவது எல்லாச் சத்துக்கும் பொது. ஓர் இலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து மறுபடி கிளம்பி வேறோர் இடத்துக்குப் போக முடியுமா என்பதில்தான் வேறுபாடு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை, இலையில் தயாராகும் உணவைக் கடத்தும் குழாயான ஃபுளோயம் வழியாகத் தாராளமாக நகரும். தொட்டியில் இவை தட்டுப்பாடானால் செடி அடியிலுள்ள கிழ இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். கொழுந்து பச்சையாகவே இருக்க, அடி இலை வெளுக்கும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் போன்றவை அப்படி எளிதில் திரும்பி வருவதில்லை. போன இலையிலேயே தங்கிவிடும். ஆகவே தட்டுப்பாடு வந்ததும், ஏற்கெனவே நிறைந்திருக்கும் பழைய இலை பச்சையாகவே நிற்க, புதிதாக விரியும் கொழுந்து வெறுங்கையோடு பிறக்கும். மாங்கனீசு, துத்தநாகம், கந்தகம் மூன்றும் நடுத்தரம். இவற்றின் குறை பெரும்பாலும் இளம் இலையிலோ நடு இலையிலோ தெரியும்.

இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே சந்தேகப் பட்டியலில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகிறது. அடுத்த கேள்வி: இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருக்கிறதா, நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளுத்திருக்கிறதா? ஓர் இலையைக் கிள்ளி, காலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலோட்டமாகப் பார்க்கையில் வெறும் மஞ்சளாகத் தெரிந்த இலையில், ஒளி ஊடுருவும்போது நரம்புப் பின்னல் துல்லியமாகத் தெரியும். மேசை விளக்கில் இந்தக் காரியம் ஆகாது. மஞ்சள் ஒளியில் எல்லா இலையும் நோயாளியாகவே தோன்றும்.

அடி இலை சொல்வது

அடி இலை நரம்போடு சேர்ந்து சீராக வெளிர்பச்சையாகி, பிறகு மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை. செடி முழுவதுமே களையிழந்து, கிளை மெலிந்து, வளர்ச்சி நின்றுபோயிருக்கும். அடிக்கடி குச்சி வெட்டும் தாய்ச்செடியில் மிகச் சாதாரணமாக வருவது இதுதான். வெட்டிய ஒவ்வொரு குச்சியோடும் சத்து தொட்டியைவிட்டு வெளியே போகிறது. அதை யாரும் திருப்பிப் போடுவதில்லை.

அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம். பச்சையத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றிக் கொழுந்துக்கு அனுப்பும்போது பழைய இலையின் பச்சை கலைகிறது. இலைக் காம்பை ஒட்டிய அடிப்பாகம் ஆப்பு வடிவில் பச்சையாக நிற்க, ஓரமும் நடுவும் வெளுப்பது இதன் அடையாளம்.

ஓரம் மட்டும் முதலில் மஞ்சளாகி, பின்னர் தீய்ந்ததுபோல் பழுப்பாகி, அது உள்நோக்கிப் பரவினால் சாம்பல்சத்து. இலை அடர்பச்சையாக, பளபளப்பின்றி, சிலசமயம் அடிப்புறம் ஊதா படர்ந்து, செடி குட்டையாகவே நின்றால் மணிச்சத்து. தொட்டிக்கு எலும்புத்தூளோ தொழுவுரமோ போட்டு வருபவர்களின் செடியில் மணிச்சத்துக் குறையை நான் எளிதில் சந்தேகிக்க மாட்டேன். அங்கே மணிச்சத்து மிகுந்து இரும்பையும் துத்தநாகத்தையும் முடக்குவதற்கே வாய்ப்பு அதிகம்.

தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அதையே மண்ணாகப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் இயற்கையாகவே அதிகம். அது சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவாமல் நிரப்பிய தொட்டியில் சாம்பல்சத்து ஏராளமாக இருந்தும், மக்னீசியக் குறை சீக்கிரமே தலைகாட்டும். ஒரு சத்தின் மிகுதி இன்னொன்றின் குறையாக இலையில் வெளிப்படும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு இது.

கொழுந்து சொல்வது

மல்லிகைக் கொழுந்தில் நான் மிகுதியாகப் பார்ப்பது இரும்புக் குறையைத்தான். நுனியில் விரியும் இலை வெளிர்மஞ்சளாக இருக்கும். அதன்மேல் பச்சை மையால் வலை வரைந்ததுபோல் மெல்லிய நரம்புகள் வரை துலக்கமாகத் தெரியும். முற்றிய நிலையில் நரம்பும் வெளுத்து, கொழுந்து தந்த நிறமாகி, ஓரம் கருகும். கீழே உள்ள பழைய இலைகள் இதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல் கரும்பச்சையாக நிற்கும்.

மாங்கனீசுக் குறையும் இப்படியேதான் தொடங்கும். ஆனால் அதில் நரம்பின் இருபுறமும் பச்சை அகலமாகப் பட்டையாக நிற்கும். வெளுத்த இடத்தில் பின்னர் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றும். கந்தகம் குறைந்தால் கொழுந்து நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுக்கும். தழைச்சத்துக் குறை கொழுந்துக்கு இடம் மாறியதுபோல் இருக்கும்.

துத்தநாகத்தைத் தாய்ச்செடி வளர்ப்பவர்கள் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இலை சிறுத்து ஒடுங்கும், கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி குறையும், நுனியில் இலைகள் கொத்தாகக் குவியும். ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் செடி உருவாக்கத் துத்தநாகம் வேண்டும். குச்சியின் அடியில் வேர் கிளம்புவதற்கும் அதே ஆக்சின்தான் வேண்டும். நாற்றங்கால்களில் குச்சியை வேர் ஊக்கியில் நனைத்து நடுகிறார்களே, அந்த ஊக்கியும் ஆக்சின் வகைதான்.

சுண்ணாம்புச்சத்துக் குறையில் கொழுந்து கோணலாக, நுனி கொக்கிபோல் வளைந்து விரியும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் இது வரலாம். அது நீரோட்டத்தோடு மட்டுமே நகர்வதால், காற்றோட்டமில்லாமல் புழுங்கும் மூலையில் வைத்த செடியின் நுனிக்குப் போய்ச்சேராது. போரான் குறைந்தால் நுனிமொட்டே கருகிச் சாகும், இலை தடித்து ஒடியும். இதற்கு மட்டும் யாரும் கண் மதிப்பில் மருந்து போட வேண்டாம். போரானின் குறைக்கும் நச்சுத்தன்மைக்கும் இடையிலான தூரம் மிகக் குறுகியது. சோதனை முடிவு கையில் இல்லாமல் போராக்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.

இரும்பு இருந்தும் கிடைக்காத மர்மம்

செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடால் வருவது. அப்படிப்பட்ட செம்மண்ணில் நட்ட மல்லிகை இரும்பில்லாமல் வெளுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் சத்துக்குறை என்ற விஷயத்தில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

மண்ணின் அமில, காரத் தன்மையை பி.எச். என்ற அளவால் குறிக்கிறோம். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவில் ஒரு படி ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. இரும்பின் கரைதிறனோ ஒரு படிக்கு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைகிறது. பி.எச். 6இல் வேருக்கு எட்டிய இரும்பு 8இல் கல்போல் கிடக்கும். களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்துபோன வீட்டின் நிலைதான் செடிக்கு.

வேர் சும்மா இருப்பதில்லை. மல்லிகை போன்ற இருவித்திலைச் செடிகளின் இளவேர்கள் தம்மைச் சுற்றி அமிலத்தைச் சுரந்து, இரும்பை உறிஞ்சத்தக்க வடிவுக்கு மாற்றி இழுத்துக்கொள்ளும் திறன் கொண்டவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இந்த முயற்சியைத்தான் முறியடிக்கிறது. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட், வேர் சுரக்கும் அமிலத்தை அவ்வப்போதே செயலிழக்க வைக்கிறது. தொட்டியின் விளிம்பிலும் அடித் துளையைச் சுற்றியும் வெண்மையாகப் படிந்திருப்பதைச் சுரண்டிப் பாருங்கள். அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். அது சுண்ணாம்பு. அதே தண்ணீர்தான் வேருக்கும் போகிறது.

நம் மாடித்தோட்டங்களில் வேறொரு பழக்கமும் உண்டு. எது வந்தாலும் விறகுச் சாம்பலைத் தூவுவது, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது. சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது என்பது உண்மை. அது நல்ல காரப் பொருள் என்பதும் உண்மை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் ஏற்கெனவே காரமேறிய தொட்டியில் சாம்பலைப் போடுவது இரும்புக் குறையை இன்னும் முற்றச் செய்யும். முட்டை ஓடோ கார மண்ணில் கரைவதே இல்லை என்று சொல்லலாம், அப்படியே கிடக்கும். அமில மண்ணுள்ள மலைப்பகுதித் தோட்டத்துக்கு இரண்டும் பொருந்தும். எல்லாத் தொட்டிக்கும் பொருந்தாது.

சந்தேகத்தை ஒரே வாரத்தில் தீர்த்துக்கொள்ள ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1840களில் பிரெஞ்சு வேதியியலர் எசெப் கிரி, வெளுத்த இலைமீது இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் தடவிய இடம் மட்டும் பச்சையாவதைக் காட்டினார். குண்டுமல்லியில் இதைச் செய்வது இன்னும் சுலபம். அதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக, எதிரெதிரே, ஒரே வயதில் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துக்கொள்ளுங்கள். அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருநிறமாகப் பழுத்திருந்தால் காற்றில் கெட்டுப்போனது, பயன்படாது. வெளுத்த கொழுந்தில் ஒரு ஜோடியைத் தேர்ந்து, மாலை நேரத்தில் ஓர் இலையின் இருபுறமும் பஞ்சால் இந்தக் கரைசலைத் தடவுங்கள். எதிர் இலையில் வெறும் தண்ணீரைத் தடவுங்கள். காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். குறை இரும்பால்தான் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் மருந்து தொட்ட இலை பச்சை ஏறும். பஞ்சு படாமல் விட்டுப்போன இடம் திட்டுத்திட்டாக மஞ்சளாகவே நிற்பதும் தெரியும். எதிர் இலையில் மாற்றம் இருக்காது. இரண்டிலுமே மாற்றம் இல்லையென்றால் இரும்பைக் கைவிட்டு வேறு காரணம் தேடலாம். இதே முறையில் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் சோதிக்கலாம்.

தாய்ச்செடியில் ஏமாற்றும் இடங்கள்

குச்சி வெட்டும்போது நாம் பெரும்பாலும் இளங்கிளைகளை நுனியோடு எடுத்துவிடுகிறோம். இரும்பு, துத்தநாகம், போரான் குறைகள் எழுதப்படும் ஏடு அந்த நுனிதான். அது போய்விட்டால் மிஞ்சுவது பழைய பச்சை இலை மட்டுமே. செடி நலமாக இருப்பதுபோல் தோன்றும். அதனால் எப்போது வெட்டினாலும் இரண்டு மூன்று கிளைகளைத் தொடாமல் விட்டுவையுங்கள். செடியின் நிலையைச் சொல்ல அவை வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கடுமையாக வெட்டியபின் ஒரே சமயத்தில் ஏராளமான தளிர் கிளம்பும். அவ்வளவுக்கும் தழைச்சத்தும் மக்னீசியமும் அடி இலையிலிருந்துதான் போகும். வெட்டி மூன்று வாரத்தில் அடி இலை திடீரென மஞ்சளானால் பதற வேண்டாம். அந்தத் தளிர்களுக்கு ஈடாக உரம் கேட்கிறது என்று பொருள்.

மூன்றாவது, தொட்டியின் வயது. தாய்ச்செடியை ஆண்டுக்கணக்கில் ஒரே தொட்டியில் வைத்திருப்பார்கள். வேர் சுற்றிச் சுற்றி இறுகி, மண்ணின் இடத்தையும் வேரே நிரப்பியிருக்கும். இரும்பை இழுக்கும் வேலையை இளவேரின் நுனிகளே செய்கின்றன. புது வேர் விட இடமில்லாத தொட்டியில் எந்த உரமும் முழுப்பயன் தராது. தொட்டியைச் சாய்த்துச் செடியை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மண் உதிராமல் தொட்டி வடிவிலேயே வேர்ப்பந்து வெளிவந்தால், சுற்றிலும் அடியிலும் வெளிவேரைக் கொஞ்சம் சீவிவிட்டு, புது மண்கலவையோடு மாற்றி வைப்பதே முதல் மருத்துவம். நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிக் குறைக்கும்போது, இதையும் சேர்த்துச் செய்வது வசதி.

சத்துக்குறையே இல்லாமலும் இலை வெளுக்கும். அதைக் கழித்த பிறகே உரத்தைத் தொட வேண்டும். தொட்டியில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினால், சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டு ஈரம் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். புளித்த வாடை அடித்தால் சிக்கல் தண்ணீரில்தான். ஊசி குத்தியதுபோல் நுண்ணிய வெளிர்புள்ளிகள் நிறைந்து இலை வெளுத்திருந்தால் அடிப்புறத்தைத் திருப்புங்கள். ஒரு வெள்ளைத் தாள்மேல் இலையைத் தட்டினால் நகரும் செம்புள்ளிகள் விழும். அவை சிவப்புச் சிலந்திப்பேன். செடி வெயில் நேரத்தில் வாடி, மாலையில் தெளிந்து, ஆண்டு முழுதும் மஞ்சளாகவே இருந்தால் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேர்முடிச்சு நூற்புழு மல்லிகையின் பழைய எதிரி. வெயில் போதாத இடத்தில் வைத்த செடியும் அடி இலையை உதிர்க்கும். எல்லாம் நலமாக இருக்கும்போதே மிகக் கீழுள்ள ஒன்றிரண்டு இலை பழுத்து விழுவது முதுமை, அதற்கு வைத்தியம் இல்லை.

மருந்து கொடுக்கும் முறை

வேதிப்பொருளை எடுப்பதற்கு முன் தொட்டியைக் கழுவுங்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நல்ல தண்ணீரை, மழைநீர் கிடைத்தால் அதையே, மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வடியவிட வேண்டும். தேங்கிய உப்பு இறங்கிவிடும். உப்பு ஏறிய தொட்டியில் இலை நுனி கருகுவதைச் சாம்பல்சத்துக் குறை என்று எண்ணி மேலும் பொட்டாஷ் போட்டுச் செடியைக் கொல்பவர்கள் இருக்கிறார்கள். கழுவிய பின் ஒரு வாரம் பொறுத்தால் உண்மையான குறை எது, உப்பின் வேலை எது என்று பிரிந்து தெரியும்.

இரும்புக் குறை உறுதியானால், சோதனைக்குச் செய்த அதே கரைசலை, லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, மாதம் ஒருமுறை இலை நனையத் தெளிக்கலாம், புதுக்கொழுந்து பச்சையாக வரும் வரை. கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். இது இலைக்கான உதவி மட்டுமே, வேரின் சிக்கலைத் தீர்க்காது. மண்ணில் இட வேண்டுமானால் இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைத்திருக்கும் கொடுக்குச் சேர்மங்கள் (கீலேட்) கடைகளில் கிடைக்கின்றன. ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5ஐத் தாண்டினால் நிலைப்பதில்லை. கார மண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகை தேவை, விலை கூடுதல். நீடித்த தீர்வு பி.எச்.சை இறக்குவதுதான். கந்தகத்தூளைச் சிறிதளவு மண்ணில் கலந்தால் பாக்டீரியா அதை அமிலமாக மாற்றும், அதற்குச் சில மாதங்கள் ஆகும். மழைநீரைச் சேர்த்து வைத்துத் தாய்ச்செடிக்கு மட்டுமாவது ஊற்றுவது என் கணக்கில் எல்லா மருந்தையும்விட மேல்.

மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், துத்தநாகத்துக்குத் துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 2.5 கிராம் என்று தெளிக்கலாம். தழைச்சத்துக்குப் புளிக்கவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் நீர்க்க ஊற்றுவது தொட்டிக்குப் பாதுகாப்பானது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கொடுங்கள். மூன்றையும் கலந்து அடித்துச் செடி தேறினால் எது தேற்றியது என்று தெரியாது, அடுத்த ஆண்டும் மூன்றையும் அடிக்க வேண்டியிருக்கும்.

நாலைந்து தொட்டிக்கு மேல் வைத்திருப்பவர்கள் மண்ணையும் தண்ணீரையும் சோதித்துவிடுவது நல்லது. மாவட்டங்களில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் அட்டையில் பி.எச்., உப்பின் அளவு, கரிமம் ஆகியவற்றோடு தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 அளவுகள் குறிக்கப்படுகின்றன. முடிவு வந்ததும் முதலில் பி.எச்.சைப் பாருங்கள். அது 8க்கு மேல் இருந்து, இரும்பு போதுமானது என்று அட்டை சொன்னாலும், உங்கள் கொழுந்து வெளுத்திருக்கக் காரணம் அதுவாகவே இருக்கும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கும் இடம் புதிய இலை. கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது, உதிர்ந்த இலை ஒட்டாது. முழுப்பச்சையாக மூன்று நான்கு ஜோடி இலைகள் விரிந்து, அந்தக் கிளை கொழுந்துத் தன்மை நீங்கி, வளைத்தால் சற்று விறைத்து நிற்கும் பருவத்துக்கு வந்த பிறகே குச்சி வெட்ட வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் தழைச்சத்து கொடுக்க வேண்டாம். தழைச்சத்து மிகுந்த கிளை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், நட்டால் வேர் விடுவதற்குள் அழுகும். இலை பச்சையாகவும் தண்டு உறுதியாகவும் இருக்கும் கிளையில், காலை வெயில் ஏறுவதற்கு முன், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள்.